கார் சத்தமே இல்லாத ஸ்பெயின்: பழைய ரயில் பாதைல சைக்கிள் டூர் போறது எப்படி

ஸ்பெயின்ல சைக்கிள் டூர்னு சொன்னாலே நிறைய பேருக்கு மலை ரோட்டுல மூச்சு வாங்க ஏறுற ரேஸ்காரங்கதான் ஞாபகம் வருவாங்க. நான் சொல்லப்போறது அதுக்கு அப்படியே எதிர். கார் கிடையாது, லாரி கிடையாது, முட்டி தேயுற ஏத்தமும் கிடையாது, ஆலிவ் தோப்புக்கு நடுவுலயும் ஆத்துப் பள்ளத்தாக்கு ஓரத்துலயும் ஒரு மண் பாதை, நடுவுல சுரங்கம், பாலம், பாழடைஞ்ச ஸ்டேஷன், அவ்வளவுதான். வாரக் கடைசில பார்க்கைச் சுத்தி 20 கிமீ ஓட்டுற ஆளா இருந்தாலே போதும், இது உங்களால முடியும்.

இந்தப் பாதைங்களுக்கு வியாஸ் வெர்தேஸ்னு பேரு, பச்சைப் பாதைங்கன்னு அர்த்தம், ஒரு பாதைன்னா வியா வெர்தே. எல்லாமே ஒரு காலத்துல ரயில் ஓடின, இல்லன்னா ரயில் ஓட்டணும்னு கட்டின பாதைங்க. ஸ்பெயின்ல நஷ்டத்துல ஓடுதுன்னு நிறைய லைனை மூடிட்டாங்க, 1985 ஜனவரி 1ம் தேதி மட்டுமே ஒரே நாள்ல பல லைனுக்கு மூடுவிழா. அப்படி சும்மா கிடந்த லைன் மட்டும் 7,000 கிமீக்கு மேல. அதை அப்படியே விடாம சைக்கிளுக்கும் நடக்கிறவங்களுக்கும் பாதையா மாத்தலாம்னு 1993ல ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, ஸ்பானிஷ் ரயில்வே அறக்கட்டளைதான் அதை ஒருங்கிணைக்குது. இப்ப நாடு முழுக்க 3,000 கிமீக்கு மேல ரெடியா இருக்கு.

ரயில் பாதைன்றதுல நமக்கு என்ன லாபம்னா, எஞ்சினால செங்குத்தா ஏற முடியாது. அதனால அந்தக் காலத்து இன்ஜினியருங்க மலையைக் குடைஞ்சு, பள்ளத்துல பாலம் போட்டு, 100 மீட்டருக்கு 2, 3 மீட்டருக்கு மேல ஏறாத மாதிரி பாதைய வளைச்சு வளைச்சு கொண்டு போயிருக்காங்க. அவங்க பட்ட பாட்டோட பலனை இப்ப நம்ம முட்டி அனுபவிக்குது.

ஆனா ஒண்ணு, புதுசா வர்றவங்க எல்லாரும் கவலைப்படுறது தப்பான விஷயத்தப் பத்தி. ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்ட முடியும், ஏத்தம் எவ்வளவுன்னுதான் கேக்குறாங்க. பாதை மேல இருக்கிறவரைக்கும் ஒரு பிரச்சனையும் வராதுங்க. பாதைக்கு வந்து சேர்றது, பாதைய விட்டு இறங்கி ஊருக்குள்ள போறது, அங்க கடை திறந்திருக்கான்னு பாக்குறது, திரும்ப வர ரயில்ல சைக்கிளுக்கு இடம் பிடிக்கிறது, இதுலதான் வேலையே இருக்கு. அதனால இந்தக் கட்டுரைல பாதி அதைப் பத்திதான்.

முதல் வேலை: ரூட்டைத் தேர்ந்தெடுக்கிறது

கிமீ பாத்து தேர்ந்தெடுக்காதீங்க. ரெண்டு கேள்வி கேளுங்க: எந்த முனை உயரத்துல இருக்கு, எந்த முனைல ரயில் நிக்குது. உயரமான முனைல ஆரம்பிச்சு ரயில் இருக்கிற முனைல முடிச்சீங்கன்னா பாதி டென்ஷன் போச்சு.

முதல் தடவைக்கு நான் எல்லாருக்கும் சொல்றது வடகிழக்குல கத்தலோனியால இருக்கிற காரிலெட் ரூட்தான். ஓலோட்னு ஒரு சின்ன டவுன், சுத்தி அணைஞ்சு போன எரிமலைங்க, அங்கிருந்து ஜிரோனா வரைக்கும் சுமார் 55 கிமீ, ஜிரோனாலேந்து கடற்கரை ஊரான சாந்த் ஃபெலியு தே கீஷோல்ஸ் வரைக்கும் இன்னொரு 40 கிமீ. ரெண்டுமே 1969ல மூடின குட்டி ரயில் பாதைங்க. ஓலோட் பக்கத்துல ஆரம்பத்துல கொஞ்சம் ஏறணும், சுமார் 600 மீட்டர் உயரத்துல ஒரு மேடு தாண்டணும், அதுக்கப்புறம் ஜிரோனா வரைக்கும் பெரும்பாலும் இறக்கம்தான். வழியில ஊருங்க அடிக்கடி வரும், அமேர் ஊர்ல வளைவு வளைவா தாழ்வாரம் வச்ச ஒரு பெரிய சதுக்கம் இருக்கு, அங்க உக்காந்து ஒரு காபி குடிக்காம போகாதீங்க. ஜிரோனால வெளிநாட்டு ப்ரொஃபெஷனல் சைக்கிள் வீரர்கள் நிறைய பேர் வீடு எடுத்து தங்கியிருக்காங்க, அதனால நல்ல வாடகை சைக்கிள் கடைக்கும் ரிப்பேர் கடைக்கும் பஞ்சமே இல்ல. பார்சலோனாலேந்து ரயிலும் இருக்கு. ஓலோட்டுக்குதான் ரயில் கிடையாது, பஸ்ஸோ டாக்ஸியோதான் பிடிக்கணும், இல்லன்னா ஜிரோனாலேந்து ஒரு நாள் மெதுவா ஏறி, அங்க தூங்கிட்டு, அடுத்த நாள் ஜாலியா இறங்கி வரலாம், நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன், ஏன்னா பெட்டிய தூக்கி பஸ்ல வைக்கிற சண்டை மிச்சம்.

தெற்குல ஆண்டலூசியா போறீங்கன்னா வியா வெர்தே தெல் அசெய்தே. ஹாயென்லேந்து புவெந்தே ஹெனில் வரைக்கும் சுமார் 128 கிமீ. ஆலிவ் எண்ணெய் ஏத்திட்டுப் போன லைன் இது, ஹாயென் மாகாணத்துல மட்டும் 6 கோடிக்கு மேல ஆலிவ் மரம் இருக்குன்னு சொல்வாங்க, ஓட்டிட்டுப் போகும்போது அந்தக் கணக்குல எனக்கு சந்தேகமே வரல, ரெண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டுற வரைக்கும் கோடு போட்டு நட்ட மரம்தான். 19ம் நூற்றாண்டு இரும்புப் பாலங்கள் ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும், அதுல குவாதஹோஸ் ஆத்துப் பாலம் 200 மீட்டருக்கு மேல நீளம், அதைத் தாண்டினா கோர்தோபா மாகாணம். உண்மையைச் சொல்லணும்னா ஹாயென் பக்கப் பாதி கொஞ்சம் போரடிக்கும், ஆலிவ், ஆலிவ், மறுபடியும் ஆலிவ். லுக்கே தாண்டி சுண்ணாம்புப் பாறை மலைங்க பக்கத்துல வந்ததும்தான் ரூட் களை கட்டும். ரெண்டு மூணு நாள்தான் இருக்குன்னா லுக்கே, சுவேரோஸ், தோன்யா மென்சியா, காப்ரா பக்கம் மட்டும் ஓட்டுனா போதும். தோன்யா மென்சியால வாடகை சைக்கிளும் கிடைக்கும், காப்ரா ஸ்டேஷன்ல பழைய ரயில் பத்தி ஒரு சின்ன மியூசியம் இருக்கு.

போட்டோல எல்லாரும் பாக்குற ரூட், அதே ஆண்டலூசியால இருக்கிற வியா வெர்தே தெ லா சியெர்ரா, ஒல்வெராலேந்து புவெர்த்தோ செர்ரானோ வரைக்கும் 36 கிமீ, அதுக்குள்ள 30 சுரங்கம், 4 பெரிய பாலம். 1920கள்ல கட்ட ஆரம்பிச்சு, உள்நாட்டுப் போர், காசில்லாமைன்னு இழுத்து, கடைசி வரைக்கும் ஒரு ரயிலும் ஓடல. இப்பவும் அதே கதிதான், ரெண்டு முனைக்கும் ரயில்ல போக முடியாது. சொந்தக் காரோ டாக்ஸியோ வேணும். நடுவுல சாஃப்ராமகோன்னு ஒரு பாறை மலை, அதுல பாறு கழுகுங்க பெருங்கூட்டமா கூடு கட்டியிருக்கும், பழைய ஸ்டேஷன்லயே அதுங்களைப் பாக்க ஒரு மையம் வச்சிருக்காங்க. ஒல்வெராதான் மேடு, அங்க ஆரம்பிங்க. ஒரே நாள் ரூட்தான், ஆனா வார நாள்ல போங்க, ஞாயித்துக்கிழமை ஸ்பானிஷ் குடும்பங்க மூணு தலைமுறையோட வந்துருவாங்க.

நீளமா, தனியா, பல நாள் ஓட்டணும்னு ஆசைன்னா கிழக்கு ஸ்பெயின்ல இருக்கிற ஓஹோஸ் நேக்ரோஸ் ரூட். தெருவெல் மலைல வெட்டின இரும்புத் தாதுவை சகுந்தோ துறைமுகத்துக்குக் கொண்டு வர்றதுக்காக ஒரு சுரங்கக் கம்பெனி போட்ட லைன். அங்க ஏற்கனவே வேற ஒரு ரயில் லைன் இருந்துச்சு, ஆனா அவங்களோட கட்டணத்துல ஒத்துப் போகலன்னு பக்கத்துலயே சொந்தமா இன்னொரு லைன் போட்டுட்டாங்க, வீம்புன்னா அது வீம்பு. 1907லேந்து 1972 வரைக்கும் ஓடுச்சு. அந்த வீம்பால நமக்கு என்ன வசதின்னா, நம்ம பாதைக்குப் பக்கத்துலயே பழைய லைன்ல இன்னும் பயணிகள் ரயில் இருக்கு. தெருவெல்லேந்து கொஞ்ச தூரம் ஏறி எஸ்கந்தோன் கணவாய், சுமார் 1,200 மீட்டர், அதைத் தாண்டிட்டா அப்புறம் கடல் பக்கத்துச் சமவெளி வரைக்கும் மொத்தமா இறக்கம்தான், நடுவுல பர்ராகாஸ் பீடபூமில மட்டும் கொஞ்சம் சமதளம். ஹெரிக்கா, நவாஹாஸ், செகோர்பேன்னு நல்ல ஊருங்க கீழ்ப் பாதில வரிசையா வரும், நவாஹாஸ்ல ஒரு அருவி இருக்கு, கண்டிப்பா நிறுத்துங்க.

என் சொந்த ஃபேவரிட் எதுன்னா வால் தெ சஃபான். அரகோன்ல இருக்கிற லா புவெப்லா தெ ஹீஹார்லேந்து எப்ரோ ஆத்தங்கரையில தோர்த்தோசா வரைக்கும் போற லைன், 1973ல ஒரு சுரங்கம் இடிஞ்சு விழுந்ததும் அதையே சாக்கா வச்சு மூடிட்டாங்க. ரெண்டு முனைலயும் இப்பவும் ரயில் ஸ்டேஷன் இருக்கு, இது எவ்வளவு பெரிய வரம்னு ஒரு தடவை வேற ரூட் போயிட்டு வந்தா புரியும். நடுவுல தெர்ரா ஆல்தா பகுதி, உள்நாட்டுப் போர்ல, 1938ல எப்ரோ சண்டை நடந்த மண்ணு. பாதை ஒரு குறுகலான கானலெட்டெஸ் ஆத்துப் பள்ளத்தாக்குல சுரங்கம், பாலம், சுரங்கம், பாலம்னு போகும். ஃபொந்த்கால்தான்னு ஒரு கோயில், பாதைலேந்து கொஞ்சம் கீழ இறங்கணும், அங்க பாறைக்கு நடுவுல வெதுவெதுன்னு ஊத்துத் தண்ணி ஆத்துல கலக்கும், டவல் எடுத்துட்டுப் போங்க.

எப்பப் போறது

ஏப்ரல்லேந்து ஜூன் தொடக்கம், செப்டம்பர் நடுவுலேந்து அக்டோபர் கடைசி. இதுக்கு மேல யோசிக்க வேண்டாம். ஜூலை, ஆகஸ்ட்ல ஆண்டலூசியா உள்பகுதில 40 டிகிரி தாண்டும், நம்ம ஊர் வெயில் பாத்தவங்கதானேன்னு தைரியமா கிளம்பாதீங்க, ஆலிவ் தோப்புல பாதை மேல நிழலே விழாது, டீக்கடையும் கிடையாது. தெருவெல் பக்கம் குளிர்காலத்துல ஸ்பெயின்லயே ரொம்பக் குளிரான ஏரியா, மே மாசத்துலயே காலைல கை விறைக்கும். ஈஸ்டருக்கு முந்தின வாரம் ரூம் விலை எகிறும், அதைத் தவிர்த்துடுங்க.

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்ல வர்றவங்களுக்கு ஷெங்கன் விசா வேணும், சீசன்ல அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதே பெரும்பாடு, அதனால வசந்த காலத்துக்குப் போகணும்னா குளிர்காலத்துலயே வேலைய ஆரம்பிங்க. ரூம் புக்கிங் காட்டச் சொல்வாங்க, கேன்சல் பண்ணக்கூடியதா போட்டுக்கோங்க.

சைக்கிள், டயர், அப்புறம் நெருஞ்சி முள்

பாதை பெரும்பாலும் கெட்டியா அமுக்கின மண்ணும் பொடிக்கல்லும், அங்கங்க தார். கிராவல் சைக்கிள், ஹைபிரிட், முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்கிற மவுண்டன் பைக் எதுன்னாலும் ஓகே, டயர் மட்டும் 40 மிமீ இருந்தா நிம்மதி, ரேஸ் சைக்கிளோட ஒல்லி டயர் வேண்டாம். முதல் தடவைன்னா அங்கயே வாடகைக்கு எடுங்க. எலெக்ட்ரிக் சைக்கிள்காரங்களுக்கு வேற வழியே இல்ல, அந்த பேட்டரிய பயணிகள் விமானத்துல ஏத்தவே விடமாட்டாங்க.

பஞ்சர் விஷயத்துல நமக்குப் பழைய எதிரிதான். நம்ம ஊர் நெருஞ்சி அங்கயும் பாதை ஓரமா வளருது, கோடைக் கடைசில காய்ஞ்சு முள்ளு கொட்டிக் கிடக்கும். மர நிழல்ல நிறுத்துறேன்னு பாதைய விட்டு புல்லுக்குள்ள சைக்கிளைத் தள்ளிட்டுப் போனா ரெண்டு டயர்லயும் ஏறிடும். தூக்கிட்டுப் போங்க, தள்ளாதீங்க. டியூப்லெஸ் டயர்ல சீலன்ட் ஊத்தியிருந்தா பெரும்பாலும் அதுவே அடைச்சுக்கும். டியூப் டயர்னா ரெண்டு ஸ்பேர் டியூப், ஒட்டுறதுக்கு பேட்ச், பம்ப், டயர் லிவர் கட்டாயம், ஏன்னா கிராமத்துல சைக்கிள் கடை கிடையாது, அடுத்த கடை 50 கிமீ தள்ளிகூட இருக்கலாம்.

லக்கேஜ் எவ்வளவுன்னு கேட்டா, பின்னாடி கேரியர்ல ரெண்டு பக்கமும் ஒரு பை, முன்னாடி ஹேண்டில்ல ஒரு சின்னப் பை. ரெண்டு செட் துணி, ஒரு மழைக்கோட்டு, ஒரு மெல்லிசு ஸ்வெட்டர். மூணாவது பேன்ட் எடுத்து வைக்கும்போது அதை யார் மிதிச்சுட்டுப் போகப் போறாங்கன்னு நினைச்சுக்கோங்க.

போய்ச் சேர்றது

ஸ்பெயின் ரயில்வே பேரு ரென்ஃபே. இதுல மூணு வகை தெரிஞ்சுக்கிட்டா போதும். நகரத்தைச் சுத்தி ஓடுற செர்கானியாஸ்ல சைக்கிளை அப்படியே தள்ளிட்டு ஏறலாம், கூட்ட நேரத்துல மட்டும் முறைப்பாங்க. மாகாணங்களுக்கு நடுவுல ஓடுற ரெஜியோனால், மீடியா திஸ்தான்சியா ரயில்ல சைக்கிளுக்கு சில இடங்கள் மட்டும் இருக்கும், நிறைய வண்டில மூணே மூணுதான், அதனால டிக்கெட் போடும்போதே சைக்கிளுக்கும் சேர்த்து இடம் போடுங்க, ஸ்டேஷன்ல போய்ப் பாத்துக்கலாம்னு விடாதீங்க. வேகமா போற ஆவே ரயில்ல முழு சைக்கிளோட ஏற முடியாது, சக்கரத்தைக் கழட்டி பைக்குள்ள போடணும், இல்லன்னா மடக்கு சைக்கிளா இருக்கணும். தூரத்து பஸ்லயும் அதே கதை, பைக்குள்ள போட்டு, கூட கொஞ்சம் காசு கட்டணும். நாலு பேர் கும்பலா போறீங்கன்னா ரயில் நம்பிக்கையை விட்டுட்டு ஒரு வேன் டாக்ஸி பேசுறது நிம்மதி.

கிராமத்து லைன்ல ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வண்டிதான் இருக்கும், தண்டவாள வேலைன்னு திடீர்னு பஸ்ஸா மாத்திடுவாங்க, அந்த பஸ்ல சைக்கிள் ஏறுமான்றது டிரைவரோட மூடைப் பொறுத்தது. ஃப்ளைட் பிடிக்கிற நாளுக்கு முந்தின நாளே பெரிய ஊருக்கு வந்து சேர்ந்துடுங்க.

மேப்புக்கு வியாஸ் வெர்தேஸ் வெப்சைட்லயே ஒவ்வொரு ரூட்டுக்கும் டிராக் இருக்கு, அதை டவுன்லோட் பண்ணி ஓஸ்மாண்ட், கோமூட், விக்கிலோக் மாதிரி எதாவது ஆப்ல ஏத்தி ஆஃப்லைன்ல வச்சுக்கோங்க. பாதை மேல தொலையவே முடியாது, ஆனா ஊருக்குள்ள நுழையுற இடத்துலயும், பாதை அறுந்து போய் கொஞ்ச தூரம் ரோட்டுல போகணும்ங்கிற இடத்துலயும்தான் குழப்பம் வரும்.

ஸ்டேஷன் ஒரு இடம், ஊர் ஒரு இடம்

இதைத்தான் யாரும் சொல்றதே இல்ல. ரயில் எங்க சமமா போக முடியுமோ அங்க ஸ்டேஷன் கட்டினாங்க, ஆனா ஊருங்க எல்லாம் பல நூற்றாண்டுக்கு முன்னாடியே கோட்டையைச் சுத்தி குன்று மேல ஏறி உக்காந்துடுச்சு. அதனால மேப்ல சுவேரோஸ் பாதையை ஒட்டி இருக்கிற மாதிரி தெரியும், நேர்ல பாத்தா பாறை நுனில கோட்டையோட வெள்ளை வெளேர்னு தலைக்கு மேல தொங்கும், நாள் முழுக்க 2 சதவீத ஏத்தத்துல வந்த கால் அந்தக் கடைசி ரோட்டைப் பாத்து அழும். வால் தெ சஃபான் ரூட்ல வர்ற ஓர்த்தா தெ சாந்த் ஜோவான் அதே மாதிரி, பிக்காசோ 1898லயும் 1909லயும் வந்து தங்கின ஊர், ஸ்டேஷன் கீழ, ஊர் மேல. ஒல்வெராவும் அப்படித்தான்.

அதனால ஒவ்வொரு நாளோட கணக்குலயும் கடைசி 2, 3 கிமீ ஏத்தத்தைத் தனியா சேர்த்துக்கோங்க. தூரத்தைக் குறைங்க, புதுசுன்னா ஒரு நாளைக்கு 40 கிமீ போதும், 50 தாண்ட வேண்டாம். இன்னொரு வழி, பழைய ஸ்டேஷன் கட்டிடத்துலயே தங்குறது. நிறைய ஸ்டேஷனை ஹோட்டலாவும் ஹாஸ்டலாவும் மாத்தியிருக்காங்க, ஒல்வெரா, கொரிப்பே, புவெர்த்தோ செர்ரானோ ஸ்டேஷன்லயெல்லாம் இப்படி இடம் உண்டு. ஆனா அங்க தங்கினா சுத்துவட்டாரத்துல வேற கடை இருக்காது, அவங்க போடுறதுதான் சாப்பாடு, ரெஸ்டாரன்ட் அன்னிக்கு லீவான்னு முன்னாடியே மெசேஜ் போட்டுக் கேளுங்க. திங்கக்கிழமை நிறைய இடம் மூடியிருக்கும்.

கூடாரம் போட்டு தங்கலாமான்னு கேப்பீங்க. சும்மா எங்க வேணாலும் போடுறதுக்கு பெரும்பாலான இடங்கள்ல அனுமதி இல்ல, விதி ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் மாறும், கேம்ப்சைட்ல போடுங்க. வெயில் காலத்துல அடுப்பு பத்த வைக்கிற யோசனையே வேண்டாம், காட்டுத்தீ பயம் அங்க நிஜம்.

சாப்பாடும் தண்ணியும்

கிராமத்துல மத்தியானம் 2 மணிக்கு ஷட்டர் இறங்கினா 5 மணிக்குத்தான் ஏறும். ஞாயித்துக்கிழமை சூப்பர் மார்க்கெட் பெரும்பாலும் கிடையாது. ராத்திரி சாப்பாடு எட்டரை, ஒன்பதுக்கு முன்னாடி கிச்சன் திறக்காது. ஆறு மணிக்கே பசிச்சு வந்து நிக்கிற சைக்கிள்காரனைப் பாத்து அவங்களுக்கே பாவமா இருக்கும், ஆனா சமைக்க மாட்டாங்க. அதனால அவங்க நேரத்துக்கு நீங்க மாறிடுங்க: காலைல பேக்கரி திறந்ததும் ரொட்டி வாங்கு, மத்தியானம் ரெண்டு மணி சுமாருக்கு பாருக்குள்ள உக்காந்து மெனு தெல் தியா சாப்பிடு, அதுல ரெண்டு கோர்ஸ், ரொட்டி, இனிப்பு எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 12லேந்து 16 யூரோக்குள்ள முடிஞ்சிடும். அதுதான் அன்னிக்கு முக்கியச் சாப்பாடு. ராத்திரிக்கு பையில இருக்கிறதை வச்சு சமாளி. இங்க பார்னா வெறும் சாராயக் கடை இல்ல, காபி, டிபன், ஊர் வம்பு, பாத்ரூம், சாவி குடுத்து வைக்கிற இடம் எல்லாமே அதான், குழந்தைங்க கூட இருக்கும், தயங்காம நுழையுங்க.

சைவம் சாப்பிடுறவங்க கவனமா கேளுங்க. கறி இல்லாமன்னு மட்டும் சொன்னா சாலட் மேல டூனா மீனைக் கொட்டி, பீன்ஸ்ல ஹமோன், அதாவது உப்பு போட்டு உலர்த்தின பன்றிக்கறித் துண்டு போட்டு சந்தோஷமா கொண்டு வந்து வைப்பாங்க, அவங்க கணக்குல அது கறியே இல்ல. முழுசா சொல்லணும்: நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன், அதாவது கறி, மீன், ஹமோன் எதுவும் சாப்பிட மாட்டேன். இதை மனப்பாடம் பண்ணுங்க. சூப்ல எலும்பு போட்டு கொதிக்க வச்சிருப்பாங்க, மிகாஸ்னு ரொட்டித் தூள்ல ஒரு அயிட்டம், அதுல சொரிசோன்னு பன்றிக்கறி சாசேஜ் இருக்கும், சல்மொரேஹோன்னு குளிர்ந்த தக்காளி சூப் மேல முட்டையும் ஹமோனும் தூவுவாங்க, தூவாம குடுங்கன்னு கேட்டா குடுப்பாங்க. நம்பி கேக்கக்கூடியது உருளைக்கிழங்கு ஆம்லெட்டான தோர்த்தியா, பிஸ்தோன்னு கத்திரிக்கா, சீமைச் சுரைக்கா, தக்காளி போட்ட கூட்டு, கத்தலோனியால சுட்ட கத்திரிக்கா குடமிளகா எஸ்கலிவாதா, அதுல நெத்திலி மட்டும் வேண்டாம்னு சொல்லிடுங்க.

காலை டிபனுக்கு தக்காளி ரொட்டிய விட மாட்டேன். நல்லா கருக டோஸ்ட் பண்ணின தடிமனான ரொட்டி, ஒரு பூண்டு பல்லு, பாதியா வெட்டின பழுத்த தக்காளி, ஒரு பாட்டில் ஆலிவ் எண்ணெய், கல்லுப்பு, இதைத் தட்டுல அப்படியே வச்சிட்டுப் போயிடுவாங்க, நாமதான் செய்யணும். முதல்ல பூண்டை சூடான ரொட்டில தேய்க்கணும், சொரசொரப்புல பூண்டு கரைஞ்சு பாதி காணாமப் போகும், அப்புறம் தக்காளிய தோல் மட்டும் கைல மிஞ்சுற வரைக்கும் தேய்ச்சு, மேல எண்ணெயத் தாராளமா ஊத்தி, உப்பு. காரத்துக்கு ஒண்ணும் கிடைக்காது, பொடி டப்பா ஒண்ணு பையில இருந்தா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. இட்லிப் பொடி இதுக்குப் பிரமாதமா சேரும், அனுபவத்துல சொல்றேன்.

தண்ணிக்கு ஒவ்வொரு ஊர் சதுக்கத்துலயும் குழாய் ஊத்து இருக்கும். ஆகுவா பொதாப்லேன்னு இருந்தா குடிக்கலாம், நோ பொதாப்லேன்னு இருந்தா முகம் கழுவ மட்டும், நோ த்ராதாதான்னு இருந்தா குளோரின் போடாததுன்னு அர்த்தம், உள்ளூர்க்காரங்க பாட்டில் பாட்டிலா பிடிப்பாங்க, வயிறு உங்களுது, முடிவும் உங்களுது. பாதை ஓரத்து இளைப்பாறுற இடத்துல மேப்ல குழாய் காட்டும், ஆனா கோடைல வத்திப் போயிருக்கலாம், ஆள் ஒண்ணுக்கு ரெண்டு லிட்டருக்குக் குறையாம எப்பவும் கைல இருக்கணும்.

பாதை மேல கவனிக்க வேண்டியது

முன் லைட் இல்லாம கிளம்பாதீங்க, பகல்லயே வேணும். சில சுரங்கத்துல சென்சார் லைட் எரியும், சிலதுல பட்டன் இருக்கும், சிலதுல ஒண்ணுமே கிடையாது. வெளிய கண்ணு கூசுற வெயில், உள்ள நுழைஞ்ச பத்தாவது செகண்ட்ல கும்மிருட்டு, வளைவான சுரங்கம்னா அந்தப் பக்க வெளிச்சமும் தெரியாது. சில்லுன்னு காத்து, மேலேந்து சொட்டுற தண்ணி, கீழ சேறு, டயர் சத்தம் சுவத்துல மோதி யாரோ பின்னாடி வர்ற மாதிரி கேக்கும். கூலிங் கிளாஸைக் கழட்டிட்டு, வேகத்தைப் பாதியா குறைச்சு, நடுவுல ஓட்டுங்க, எதிர்ல டார்ச் இல்லாம ஒரு குடும்பம் நடந்து வரலாம். பின் லைட்டும் போட்டு வைங்க. வால் தெ சஃபான்ல வால்தெயல்கோர்ஃபா பக்கத்துல ஒரு சுரங்கம் 2 கிமீக்கு மேல நேர்க்கோடா போகும், சூரியன் நேர் கிழக்கே உதிக்கிற மார்ச், செப்டம்பர் நாட்கள்ல காலைல வெளிச்சம் ஒரு வாய்ல நுழைஞ்சு மறு வாய் வரைக்கும் வரும்னு பாக்கவே ஆளுங்க வர்றாங்க.

கார் இல்லன்னு சொன்னேன், ஆனா தோப்புக்குப் போற டிராக்டர் சில இடத்துல பாதைல வரும், ஓரம் கட்டி கை காட்டுங்க, அவங்களும் காட்டுவாங்க. ரோட்டைக் குறுக்கா தாண்டுற இடத்துல நின்னு பாத்துட்டுப் போங்க, மணிக்கணக்கா காரே பாக்காம வர்றதால மூளை அசந்து போயிருக்கும்.

ஆட்டு மந்தை வந்தா கூடவே மஸ்தீன்னு பெரிய காவல் நாய் இருக்கும். துரத்துனா மிதிச்சுத் தப்பிக்கப் பாக்காதீங்க. இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவுல வச்சுக்கிட்டு, மந்தையைச் சுத்தி மெதுவா நடந்து போங்க, ஆடு பக்கம் போகலன்னு தெரிஞ்சா அது விட்டுடும். அக்டோபர்லேந்து குளிர்காலம் முழுக்க வேட்டை சீசன், வார இறுதி காலைல துப்பாக்கிச் சத்தம் கேக்கும், பளிச்சுன்னு கலர் சட்டை போட்டுட்டு பாதையை விட்டு விலகாம போங்க.

சட்டம் பத்தி சுருக்கமா. ஊருக்கு வெளிய ஹெல்மெட் கட்டாயம், 16 வயசுக்குக் கீழன்னா எல்லா இடத்துலயும். மது அளவு விதி சைக்கிளுக்கும் உண்டு, மத்தியான மெனுவோட வைன் சேர்ந்தே வரும், ஒரு கிளாஸோட நிறுத்திக்கோங்க. ரோட்டுல போக வேண்டி வந்தா, உங்களை முந்துற கார் குறைஞ்சது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடணும், கிராமத்துப் பக்கம் பெரும்பாலும் அதுக்கு மேலயே விடுவாங்க. அவசரத்துக்கு 112, பாதை ஓரத்துல கிமீ கல் இருக்கும், எந்த வியா வெர்தே, எத்தனாவது கிமீன்னு சொன்னா வந்து சேர்ந்துடுவாங்க, அதனால கல்லு கண்ணுல படும்போதெல்லாம் நம்பரை ஒரு பார்வை பாத்து வச்சுக்கோங்க.

இதையெல்லாம் ஒரு ரூட்ல பழகிட்டீங்கன்னா, அடுத்து ரயில் பாதையையே விட்டுட்டு வடக்குப் பக்கம் காஸ்தியா பகுதியோட கால்வாய்க்கரைக்குப் போங்க. 1753லேந்து 1849 வரைக்கும் வெட்டின 207 கிமீ கால்வாய், கோதுமை ஏத்தின படகைக் கோவேறு கழுதைங்க இழுத்துட்டுப் போன கரைதான் பாதை, ஏத்தம் சுத்தமா கிடையாது, அலார் தெல் ரேல ரயில் விட்டு இறங்கினா பக்கத்துலயே கால்வாய் ஆரம்பிக்குது, ஃப்ரோமிஸ்தால தண்ணிய ஏத்தி இறக்கி படகை மேல கீழ கொண்டு போற பூட்டு மடை, படிக்கட்டு மாதிரி வரிசையா நாலு இருக்கு. மழை பெஞ்ச ரெண்டு நாளைக்கு மட்டும் அந்தப் பக்கம் தலை வைக்காதீங்க, அந்தக் களிமண் மட்கார்டுக்குள்ள அப்பிக்கிட்டு சக்கரமே சுத்தாது.